துயரத்தை எந்த மொழியில் சொல்வது?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமக் கிளைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



‘விஷமம்’ என்றால் மலையாளத்தில் மனவருத்தம், தமிழில் குறும்பு. எல்லையில் வாழும் நமக்கு இரு பொருளும் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அலுவலகத்துக்கு மலையாளம், அடுக்களைக்குத் தமிழ் என்று நாமும் பழகிவிட்டோம். காய்ச்சலுக்கு மருந்து கேட்க அந்த மலையாளம் போதும். ‘இனி எதற்காக இருக்க வேண்டும்’ என்று உள்ளே குமைவதைச் சொல்ல அது போதுவதில்லை. ஆகவே, தலைவலி என்றும் உறக்கமில்லை என்றும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்புகிறார்கள். ‘ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டியதுதான்’ என்ற ஏளனத்துக்கும் அஞ்சுகிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் இந்தியாவில் 12.4, கேரளத்தில் 28.5. நாட்டில் அவ்வாண்டு இவ்வாறு இறந்த 1,70,924 பேரில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். நாம் பெருமையுடன் பேசும் கேரளத்துக்குள்தான் இந்த எண்ணும் இருக்கிறது.

சமூகம் மாறினால் மனநோயும் மாறும் என்று வாதிடும் தோழர்கள் உளர். கடன்காரர் வாசலில் நிற்பது சமூகக் காரணமே, மறுக்கவில்லை. ஆனால் அவ்வீட்டுப் பெண் இன்றிரவு உறங்கியாக வேண்டுமே!

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவில். வழக்குத் தொடுப்பார்கள் என்றஞ்சி வீட்டில் மறைத்துவைக்கத் தேவையில்லை. சிகிச்சை பற்றிய விவரங்களை நோயாளிக்குப் புரியும் மொழியிலேயே தர வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அவர் சொல்வதும் மருத்துவருக்குப் புரிந்தாக வேண்டும். எனவே, எல்லைப் பகுதி அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் தமிழறிந்த பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும் என்பது சலுகைக்கான வேண்டுகோள் அன்று, உரிமைக் கோரிக்கை.

அதுவரை நாமே மொழிபெயர்த்து உதவலாமே என்று ஒரு தோழர் கேட்டார். கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பவன் நான். ஆயினும் இவ்வேலைக்கு நான் ஆகேன். கணவரின் குடியைப் பற்றியோ மகளைப் பற்றியோ அதே தெருக்காரன் முன்னால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? மருத்துவமனை வாசல்வரை துணை செல்வோம். அறைக்குள் நுழைய வேண்டா.

14416 என்ற டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணை இவ்வாரமே கிளை அலுவலகப் பலகைகளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள்.