வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்



சுங்காயில் குடியிருந்துகொண்டு பீடோர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சிட்டை கைக்கு வருகிறது. ஊழியர் சேமநிதிக்கு ஒரு பிடித்தம், சொக்சோவுக்கு ஒன்று, வேலை காப்புறுதிக்கு ஒன்று. அதற்கும் கீழே இதுவரை இல்லாத புது வரி ஒன்று இருக்கிறது: குழு மருத்துவக் காப்புறுதி, முப்பது வெள்ளி.

அவருக்குக் கோபம் வருகிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கி வந்துவிடலாம். பெரிய வியாதி என்றால் சிலிம் ரீவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, தாப்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. பிறகு இந்த அட்டை எதற்கு? "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. பிள்ளைங்க பஸ் காசுக்காவது ஆகும்" என்கிறார் மனைவி.

எழுதிக் கொடுக்கலாமா? கொடுத்தால் முதலாளி ஏற்க வேண்டுமா? கொடுப்பது நல்லதா? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

முதலில் சட்டம். சம்பளச் சிட்டையில் உள்ள பிடித்தங்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. வேலை காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. இவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. "சம்பளத்தில் பிடிக்காமல் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்று ஆசை காட்டும் முதலாளி சட்டத்தை மீறுகிறார். அதற்குத் தலையாட்டும் தொழிலாளி தன் குடும்பத்தின் பாதுகாப்பைத் தானே அறுத்துக்கொள்கிறார். சொக்சோ தொழிற்சாலைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் பொறுப்பேற்கிறது. பழைய நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இதன் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குழு மருத்துவக் காப்புறுதி வேறு. அது நிறுவனம் தானாக எடுத்துக் கொடுக்கும் சலுகை. அதற்கான கட்டணத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு நினைத்தபடி அதிகாரம் கிடையாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தொழிலாளியின் நலனுக்கான காப்புறுதித் திட்டம் ஒன்றுக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லை என்றாலும் அந்தப் பிடித்தம் சட்டப்படி செல்லாது.

ஆகவே அந்தச் சுங்காய் அன்பர் முதலில் கேட்க வேண்டியது, "நான் எப்போது கையெழுத்துப் போட்டேன்?" என்பதுதான். வேலையில் சேர்ந்த நாளில் பத்துப் பதினைந்து தாள்களை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்று இதற்கான சம்மதமாக இருக்கலாம். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சம்மதம் கொடுக்கவே இல்லை என்றால், ஆள் நிர்வாகப் பிரிவுக்குத் தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லாவிட்டால் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா என்னும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சம்பளப் பிணக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. தொழிலாளி தானே போய்ப் பேசலாம்.

கட்டணம் முழுவதையும் முதலாளியே கட்டுகிறார் என்றால் கதை வேறு. அங்கே தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு காசும் போகவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்த்துத் தரும்படி சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. கையில் எதுவும் வராமல், இருப்பதையும் விட்டுவிட்டு வருவதில் என்ன இலாபம்?

சரி, உரிமை இருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதற்காகவே விலகிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஏழைக்குப் பெரிய வரம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கும் நிபுணரைப் பார்ப்பதற்கும் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். அட்டை இருந்தால் காத்திருக்க முடியாத நேரத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. தனி ஆளாகக் காப்புறுதி எடுக்கப் போனால் வயது, நோய் எல்லாவற்றையும் துருவிக் கேட்பார்கள். பல குழுத் திட்டங்களில் தனித்தனியாக மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அதிலும் இந்தியர்களிடையேதான் இந்நோய் அதிகம். இனிப்பு நீர் வந்துவிட்ட ஒருவருக்குத் தனிக் காப்புறுதி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அந்த நோயை விலக்கிவிட்டுக் கொடுப்பார்கள். அவருக்குத் தொழிற்சாலை கொடுக்கும் அட்டை சாதாரணப் பொருள் அல்ல.

சிலரிடம் ஏற்கெனவே சொந்தக் காப்புறுதி இருக்கும். "இரண்டு எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. ஒன்று கட்டியது போக மீதியைத்தான் மற்றொன்றில் கேட்கலாம். அதனால் இரண்டில் ஒன்றை விட்டுவிட நினைக்கிறார்கள். பெரும்பாலோர் விடுவது எதை? மாதா மாதம் தம் கைக்காசு போகும் சொந்தக் காப்புறுதியைத்தான். அங்கேதான் ஆபத்து.

இந்த ஆபத்தைப் பேரா மாநிலத்து மக்களுக்கு விளக்கத் தோட்ட வரலாறே போதும். ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடு முதலாளி கொடுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸரும் முதலாளி கொடுத்தது. பிள்ளை காப்பகமும் அப்படியே. வேலை இருக்கும்வரை எல்லாம் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது என்ன நடந்தது? வேலையோடு வீடும் போனது, மருந்தும் போனது. ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். கயிறு அறுந்ததும் எல்லாம் விழுந்தது. அந்த வேதனையிலிருந்துதான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தனின் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆனார்கள்.

நிறுவனம் கொடுக்கும் மருத்துவ அட்டையும் அந்த லயத்து வீட்டைப் போன்றதுதான். இருக்கும்வரை வசதி. வேலை போனால் பொதுவாக அதுவும் போய்விடும். ஐம்பது வயதில் ஆலை மூடப்பட்டு, அந்த நேரத்தில் புதிதாகக் காப்புறுதி தேடினால் கட்டணம் கூடியிருக்கும், பழைய நோய்களை விலக்குவார்கள், காத்திருக்கும் காலமும் முதலிலிருந்து தொடங்கும். கட்டண உயர்வு பெரும் புகாராகி, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி காப்புறுதி நிறுவனங்களைப் பணிக்க வேண்டி வந்தது. விட்டதைத் திரும்பப் பிடிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பணம் யார் கட்டுகிறார்? மனைவி, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உண்டா? இப்போதே இருக்கும் நோய்க்குப் பணம் கொடுப்பார்களா? இன்று விலகினால் பிறகு திரும்பச் சேர முடியுமா, எப்போது? இவற்றை வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பதில்களைப் பார்த்த பிறகும் தேவையில்லை என்று தோன்றினால், தாராளமாக விலகலாம். முப்பது வெள்ளியும் உழைத்த காசுதான். அதை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் உரிமை உழைத்தவருக்கே உண்டு. விலகுகிறவர் அந்த முப்பது வெள்ளியைத் தனியாக எடுத்து வைப்பாரானால் இன்னும் நல்லது. அன்று மாலை அந்தக் கணவனும் மனைவியும் செய்ய வேண்டியது, சம்பளச் சிட்டையையும் காப்புறுதிப் புத்தகத்தையும் மேசைமேல் விரித்து ஒரு மணி நேரம் சேர்ந்து படிப்பதுதான். கோபத்தில் போடும் கையெழுத்தைவிட, படித்துவிட்டுப் போடும் கையெழுத்து குடும்பத்தைக் காக்கும்.