லாட்டரிச் சீட்டும் சர்வகலாசாலைப் படிப்பும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



அமெரிக்காவில் கெட்டிக்காரப் பிள்ளைகளை சர்க்காரே படிக்க வைக்கிறது என்று பெருமை பேசுவோர் உண்டு. அது யார் வீட்டுப் பணம், யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்போம்.

ஜார்ஜியா அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம். பருத்தி விளைந்த பூமி. அங்கே 1993ல் கவர்னர் ஜெல் மில்லர் லாட்டரியைத் தொடங்கி, அந்த வருமானத்தில் 'ஹோப்' என்ற உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தினார். பள்ளியில் நாலுக்கு மூன்று என்ற தரம் பெற்ற மாணவன் மாநில சர்வகலாசாலையில் சேர்ந்தால், அவன் படிப்புச் சம்பளத்தை லாட்டரி நிதி கட்டும்.

லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் யார்? 1968 முதல் 2003 வரை தமிழ்நாட்டு சர்க்கார் நடத்திய லாட்டரியைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜியாவிலும் அதே கதைதான். ஏழைதான் தன் வருமானத்தில் பெரும் பங்கைச் சீட்டில் போடுகிறான்.

பலன் யாருக்கு? முதல் வருஷம், 66,000 டாலருக்கு மேல் வருமானமுள்ள குடும்பத்துக்கு உதவி இல்லை என்றார்கள். 1994ல் வரம்பை 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். 1995ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். பணக்காரனுக்குக் கதவு திறந்தது. ஏழை மாணவனுக்கோ, மத்திய சர்க்கார் தரும் 'பெல்' உதவியைக் கழித்துக்கொண்டே ஆரம்ப வருஷங்களில் ஹோப் பணம் தந்தார்கள்!

"தகுதிக்குத்தானே தருகிறோம்?" என்பார்கள். தனி வாத்தியார் வைத்துப் படித்தவனும், மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படித்தவனும் ஒரே தராசில் நிற்கிறார்கள். மார்க்கு குறைந்தால் உதவியும் போகும். இதுவா சமத்துவம்?

2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மாநிலங்கள் சர்வகலாசாலை மானியத்தை வெட்டின. படிப்புச் சம்பளம் ஏறியது. லாட்டரிப் பணம் ஈடு கொடுக்கவில்லை. 2011ல் உதவியைக் குறைத்தார்கள். புத்தகப் பணத்தை நிறுத்தினார்கள். உயர்ந்த மார்க்கு வாங்கிய சிலருக்கே முழுச் சம்பளம் என்றார்கள். 2023ல்தான் மற்றவர்களுக்கும் முழுச் சம்பளம் திரும்பியது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இன்றும் மாணவன் தலையில்தான். அமெரிக்கா முழுவதிலும் கல்விக் கடன் 1.7 லட்சம் கோடி டாலரை எட்டிவிட்டது.

எல்லோருக்கும் இலவசம் நடக்கிற காரியமா? நடந்த காரியம், தோழர்களே! நியூயார்க் நகரம் 1847ல் இலவசக் கல்லூரி நிறுவியது. நூறு வருஷத்துக்கு மேல் அங்கே நகரத்துப் பிள்ளைகள் சம்பளமின்றிப் படித்தார்கள். ஆனால் கறுப்பின, போர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். 1969ல் அந்த மாணவர்கள் போராடினார்கள். 1970ல், நகரப் பள்ளிப் படிப்பை முடித்த எல்லோருக்கும் இடம் என்றாயிற்று. 1976ல் நகரத்தின் கஜானா காலி என்று சொல்லி, சம்பளம் விதித்துவிட்டார்கள். உழைப்பாளியின் பிள்ளை உள்ளே நுழைந்த ஆறாம் வருஷம், வாசலில் உண்டியல் வைத்தார்கள்!

கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றிவிட்டு, சிலருக்கு மட்டும் விலக்குத் தருவதைத்தான் எதிர்க்கிறோம். கல்விக்குப் பணம் ஏழையின் சீட்டிலிருந்து வரக் கூடாது. செல்வந்தர் மீது போடும் வரியிலிருந்து வரட்டும்.

கல்வி உபகாரம் அல்ல, உரிமை! அதை அமெரிக்கத் தொழிலாளியும் கேட்கட்டும், நாமும் கேட்போம்!