ஊர்ப்பள்ளியின் சோதனை மேசை

(ஊராட்சி உறுப்பினர்கள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் கூடிய பள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளியின் வளர்ச்சி பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கட்டடத்தைப் பற்றியும் சுற்றுச்சுவரைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நிரம்பக் கூறிவிட்டார்கள். ஆதலால் நான் ஓர் அலமாரியைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். உயிரியல் சோதனைப் பொருள்களை வைத்துப் பூட்டியிருக்கும் அலமாரி அது. ஏறக்குறைய எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் அது உண்டு. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் பல இடங்களில் விளங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பின்வரிசையில் அமர்ந்து வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஊரின் பெயர் வேண்டா. அன்றைய பாடம் மாவுச்சத்தைக் கண்டறிதல். சத்துணவுக் கூடத்திலிருந்து வடிகஞ்சி வந்தது; ஆவி பறக்கும் சூட்டோடு வந்தது. ஒவ்வொருவரும் தத்தம் குழாயில் கஞ்சியை ஊற்றி, அயோடின் கரைசலை இரண்டு சொட்டு விட்டார்கள். கருநீல நிறம் தோன்றும் என்று நூல் கூறுகிறது. ஒன்றும் தோன்றவில்லை. எனினும் எல்லாரும் குறிப்பேட்டில் ‘கருநீலம் தோன்றியது’ என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் ‘நிறம் தோன்றவில்லை’ என்று எழுதினாள். அவள் எழுதியது சிவப்பு மையால் அடிக்கப்பட்டது.

மணி அடித்தபின் குழாய்களைக் கழுவும் முறை அவளுடையது. தன் குழாயை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கஞ்சி ஆறியிருந்தது, குழாய் முழுதும் கருநீலம். அந்தக் குழாயை மீண்டும் வெந்நீரில் வைக்குமாறு சொன்னேன். நிறம் மறைந்தது. தண்ணீரில் வைத்தாள், நிறம் திரும்பியது. மாவுச்சத்தின் ஒரு பகுதி வில்கம்பி போலச் சுருண்ட நீண்ட இழையாகும். அச்சுருளுக்குள் அயோடின் புகுந்து தங்கும்போதுதான் நீலம் பிறக்கிறது. சூட்டில் அப்பிணைப்பு தளர்ந்து அயோடின் வெளியேறிவிடும். ஆறினால் மீண்டும் புகும். அப்பெண் எழுதியதில் பிழையே இல்லை. கண்டதை எழுதியவளுக்குச் சிவப்பு மை, காணாததை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்! ஆசிரியரை மட்டும் குறைகூற மாட்டேன். ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்து தேர்வுக்கு முந்திய கிழமையில் திறக்கும் அலமாரியைக் கொண்டு அவரும் என்தான் செய்வார்?

சர்க்கரைச் சோதனையிலும் இத்தகைய இடறல் உண்டு. பெனிடிக்ட் கரைசல் நீலநிறமானது. அதில் மயில்துத்தம் கலந்திருக்கிறது. குளுக்கோசு நீரோடு சேர்த்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என நிறம் மாறும். நீரிழிவு நோயாளியின் சிறுநீரை ஒருகாலத்தில் இவ்வாறே சோதித்தார்கள். ஆனால் கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து இதே சோதனையைச் செய்தால் நீலம் நீலமாகவே நிற்கும். கரும்புச் சர்க்கரை அச்சோதனைக்கு விடை தராது. சிறிது அமிலம் சேர்த்துக் காய்ச்சி, சோடா உப்பால் அமிலத்தைப் போக்கிய பின்னரே விடை தரும். வெல்லமோ நேராகவே நிறம் மாற்றும். காய்ச்சும்போதே அதில் ஒரு பங்கு உடைந்துபோயிருக்கிறது. வெல்லத்தையும் வெள்ளைச் சர்க்கரையையும் அடுத்தடுத்து வைத்துச் சோதிக்கும் மாணவன் கேட்கும் கேள்விகள் ஒரு நாள் பாடத்துக்குப் போதும்.

புரதத்திற்கு முட்டை வெண்கரு, பருப்பு நீர். எரிசோடாவும் மயில்துத்தமும் சேர்த்தால் ஊதா நிறம். கொழுப்புக்கு வேர்க்கடலையைக் காகிதத்தில் தேய்த்தால் போதும்; ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை காய்ந்தும் மறையாது. எரிசோடா கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். அதை ஆசிரியர் கையால்தான் சொட்டு விடவேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

இனி உயிரணுவுக்கு வருவோம். 1665-இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலில் தேன்கூடு போன்ற அறைகளைக் கண்டு அவற்றுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் கண்டவை வெறும் சுவர்களே. நம் மாணவர்கள் வெங்காயத்தின் உட்புறத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால், செங்கல் அடுக்கியதுபோல் அணுக்களும் அவற்றினுள்ளே உட்கருவும் தெரியும். ஹூக் காணாததை அவர்கள் காண்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தை வழித்தும் பார்க்கலாம். ஒருவர் குச்சியை மற்றொருவர் தொடலாகாது, முடிந்ததும் எரித்துவிட வேண்டும்.

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வுதான் என் உள்ளத்தை மிகுதியும் கவர்ந்தது. அது நீரை எளிதில் போகவிடும்; கரைந்த உப்பையும் சர்க்கரையையும் அவ்வளவு எளிதில் விடாது. இதைக் கண்கூடாகக் காண ஒரு முட்டை போதும். வினிகரில் ஒன்றிரண்டு நாள் ஊறினால் ஓடு கரைந்து, தோல் மட்டும் எஞ்சும். அம்முட்டையை நல்ல நீரில் வைத்தால் உப்பும். கெட்டியான சர்க்கரைப் பாகில் வைத்தால் சுருங்கி வாடும். இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரியோ செடி பல வீடுகளில் தொட்டியில் வளர்கிறது. அந்த ஊதாத் தோலை உரித்து உப்புநீர் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். அணுவுக்குள் இருக்கும் ஊதாப் பகுதி சுவரை விட்டு விலகி ஒடுங்கும். உடனே நல்ல நீர் விட்டால் மீண்டும் விரியும்.

உழவர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. யூரியாவை வேரோடு ஒட்டிக் கொட்டினால் பயிர் ஏன் கருகுகிறது? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையில் வயல்களுக்குள் உவர்நீரைக் கொண்டுவந்து சேர்த்தபோது, ஈரம் நிறைந்த மண்ணில் பயிர் ஏன் வாடியது? மண்நீரில் உப்பு மிகுந்தால் வேரணுக்கள் நீரை உறிஞ்ச இயலாமல் தவிக்கின்றன. மாங்காய்க்கு உப்பிட்டு வைத்தால் மறுநாள் சாடியில் நீர் விட்டிருக்கிறதே, அதுவும் இதே வேலைதான். பாட்டியிடம் கேட்டால் காரணம் சொல்ல மாட்டார். உப்பின் அளவை மட்டும் தவறாமல் சொல்வார்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட நோயில், அவ்வாறு குடித்தவர்களுள் மாண்டோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. குடலணுவின் சவ்வில் ஒரு வாயில் உண்டு. உப்பின் சோடியமும் குளுக்கோசும் இணைந்து வந்தால் இரண்டையும் உள்ளே ஏற்கும். அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். இவ்விணைப்பை 1960-இல் இராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். வெறும் உப்புநீர் வயிற்றுப்போக்கில் பயன்தராததற்குக் காரணம் இதுவே. மருந்துக்கடைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில்தான் கரைக்கவேண்டும். கெட்டியாகக் கரைத்தால் குடலே நீரை இழக்கும். முட்டைச் சோதனையைக் கண்ட பிள்ளை இதைத் தன் தாய்க்கு விளக்கிச் சொல்லும்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் இனி என் வேண்டுகோள். நுண்ணோக்கி ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு உழைக்கும். அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஈரமான மூலையில் வைத்தால் வில்லைகளில் பூஞ்சை படரும், காற்றாட வைக்கவேண்டும். மனு பிரகாஷ் என்னும் இந்திய விஞ்ஞானியும் அவர்தம் மாணவர்களும் அமெரிக்காவில் வடிவமைத்த, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியும் இன்று உண்டு. ஆண்டுதோறும் தீர்ந்துபோவன மூடுவில்லைகளும் மருந்துநீர்களுமே. அவற்றுக்குச் சிறுதொகை ஒதுக்குங்கள். சோதனை அறைக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று இழுத்துக் கொடுங்கள். ஆசிரியர்களிடம் ஒன்றே கேட்கிறேன். நிறம் வரவில்லை என்று பிள்ளை எழுதினால், அடிக்கும் முன் அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறோம். வெங்காயத் தோலும் ரியோ இலையும் ஆயத்தமாக உள்ளன. கஞ்சி இரண்டு குழாய்களில், ஒன்று சூடாக, ஒன்று ஆறியதாக இருக்கிறது. நுண்ணோக்கியின் கண்ணாடிக்கு வெயில் வேண்டும். பொழுது சாய்வதற்குள் பெரியவர்களும் வரிசையில் வந்து பாருங்கள்.