அடித்தலும் திருத்தலும்



'அடித்தல் திருத்தலின்றி எழுதுக' என்று சொல்லிச் சொல்லியே நம் ஆசிரியர்கள் நம்மை வளர்த்தார்கள். நல்ல அறிவுரைதான். ஆயினும், மூன்று மணி நேரம் பேனாவால் எழுதும் பரீட்சையில் அது எவர்க்கும் இயல்வதன்று. பிழை நேரவே செய்யும். நேர்ந்த பிழையைத் திருத்தும் முறையை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை. ஆகவே அவர்கள் அதை மறைக்க முயல்கிறார்கள். தாள் கிழியும்வரை சுரண்டுகிறார்கள். எழுத்தின் மேலேயே எழுத்தை ஏற்றுகிறார்கள்.

வெளி மாநிலங்களில் தமிழ்த்தாள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. தில்லியில் இந்தியை முதலில் எழுதிப் பழகிய குழந்தைக்கு எகர, ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமை எளிதில் கைவருவதில்லை. இந்தி எழுத்து வழக்கில் அவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் இல்லை. 'கொடு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கோடு' என்று எழுதிவிட்டு, இரட்டைக்கொம்பின் மேற்சுழியை மட்டும் மையால் மூடுகிறது குழந்தை. ரகரத்தை றகரமாக்குவதும் இவ்வாறே. படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றியே எழுதினார்கள். படித்தவர்கள் இடமறிந்து பொருள் கொண்டார்கள். விடைத்தாள் திருத்துவோரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்த்தல் நியாயமாகாது. அவர் முன் தாள்கள் கட்டாகக் காத்திருக்கின்றன. மேலும், மும்பைப் பல்கலைக்கழகம் 2017-இல் செய்ததுபோல, தாளைப் படமெடுத்துக் கணினித் திரையில் திருத்தும் முறையும் வந்துவிட்டது. திரையில் மெழுகிய எழுத்து வெறும் கறையாகவே தெரியும்.

எனவே எழுத்தைத் திருத்த வேண்டாம், சொல்லைத் திருத்துக. முழுச் சொல்லையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டு, அடுத்தே புதிதாக எழுதுக. எண்களுக்கும் இதுவே முறை: 3-ஐ 8 ஆக்காமல், அடித்துவிட்டு எழுதுக. விட்டுப்போன பத்தியை ஓரத்தில் திணிக்காமல், விடையின் இறுதியில் எழுதி, இரண்டு இடத்திலும் ஒரே குறியிடுக.

இவற்றினும் பெரிய ஆபத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் நேர்வது. எழுதிய விடை தவறென்று ஐயுற்று, மாணவன் பக்கம் முழுவதையும் அடித்துவிடுகிறான். மாற்று விடை எழுதி முடிக்குமுன் மணி அடித்துவிடுகிறது. அடித்த விடைக்கு மதிப்பெண் எதிர்பார்க்க இயலாது. புதியதோ பாதியில் நிற்கிறது. பழைய விடை சரியாகவே இருந்திருக்கவும் கூடும்! ஆகையால் முதலில் புதியதை எழுதி முடிக்கட்டும். பிறகு பழையதை அடிக்கட்டும். கேட்டதற்கு மேல் ஒரு வினாவுக்கு விடை இருப்பின், மிகுதியான மதிப்பெண் பெறும் விடையை ஏற்று மற்றதை விலக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் திருத்துவோருக்குக் குறிப்புத் தந்திருக்கிறது. அவசரப்பட்டு அடிப்பவனுக்கு அந்தச் சலுகையும் போய்விடும்.

பேனாவால் வட்டத்தை நிரப்பும் விடைத்தாளுக்கு மட்டும் இவையொன்றும் பொருந்தா. வெள்ளை மை பூசவும் அங்கே இடமில்லை. நிரப்புமுன் வினா எண்ணை இருமுறை பார்ப்பதொன்றே வழி.