தோள் நோவும் ஸ்டீராய்டு மருந்தும்



காஞ்சிரங்குளம், பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரத்திலே பனையும் தென்னையும் ஏறிப் பிழைத்த குடும்பங்கள் பல உண்டு. மரமேறுபவருக்குக் காலைப் போலவே தோளும் மூலதனம். தோளில் அடிபட்டால் அன்றே வருவாய் நின்றுவிடும். இந்நிலையில், "ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால் சீக்கிரம் குணமாகும்" என்று ஒருவர் சொன்னால் செவிசாய்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அச்சொல் ஒன்றாயினும், அது குறிக்கும் மருந்துகள் இருவகைப்பட்டவை.

முதல் வகை, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அண்ணீரகச் சுரப்பியில் ஊறும் பொருளை ஒத்தது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் டாக்டர் ஃபிலிப் ஹெஞ்ச் என்பவர், கீல்வாதத்தால் முடங்கிய நோயாளிக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களிலேயே நோயாளி எழுந்து நடமாடினார். இத்துறை ஆராய்ச்சிக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-இல் நோபெல் பரிசு பெற்றனர். இன்று தோள் மூட்டில் மருத்துவர் போடும் ஊசி இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அது செய்யும் வேலை யாது? அழற்சியை அடக்குகிறது, அதனால் வீக்கமும் நோவும் தணிகின்றன. தோள் இறுகிக் கையைத் தூக்க இயலாதவருக்கு, பயிற்சி செய்வதற்கு ஏற்ற அவகாசத்தை அளிக்கிறது. ஆனால் அறுந்த தசைநாணை அது ஒட்டவைப்பதில்லை. அடிக்கடி போட்டுக்கொண்டால் நாண் நலிவதும் உண்டு. நோவு என்பது உடலின் காவற்காரன். காவற்காரனை உறங்கவைத்துவிட்டு மறுநாளே மரமேறினால், சிறு கிழிசல் பெருங்கிழிசலாகும். நீரிழிவுள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும்.

இரண்டாவது வகை, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பைத் தழுவிச் செய்யப்பட்டது, தசையைப் பெருக்குவது. உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்களின் காதில் ஓதப்படுவது பெரும்பாலும் இதுதான். தசை விரைந்து பருக்கும். நாண் அவ்வேகத்தில் உரம் பெறாது. மேலும், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு வரலாம். உடல் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். வளரும் பருவத்தினருக்கு எலும்பின் வளர்ச்சியே முன்கூட்டி நின்றுவிடலாம்.

தோளை நம்பிப் பிழைப்பவர்களில் பந்துவீச்சாளரும் ஒருவரல்லவா? ஆஸ்திரேலிய வீரர் ஷேன் வார்னுக்கு 2002 டிசம்பரில் தோள் மூட்டு விலகியது. அடுத்த மாதமே களத்துக்குத் திரும்பினார். 2003-இல், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை உட்கொண்டிருந்தது சோதனையில் வெளிப்பட, ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. உலகக் கோப்பைப் போட்டியையும் இழந்தார். அவரிடம் ஸ்டீராய்டு கண்டறியப்படவில்லை. உடல் இளைக்கவே உட்கொண்டதாக அவர் கூறினார். எனினும் அத்தகைய மாத்திரை ஸ்டீராய்டின் தடயத்தை மறைக்கவல்லது என்பதாலேயே தடைப் பட்டியலில் உள்ளது. 2022 ஜனவரி 1 முதல், மருத்துவர் மூட்டில் போடும் முதல் வகை ஊசியும் போட்டிக் காலத்தில் தடைக்கு உட்பட்டது. ஆகையால் விளையாட்டு வீரர்கள் சிகிச்சைக்கு முன்பே விதியைக் கேட்டறிதல் நலம்.

நம் தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் வர்ம ஆசான்கள் தோளைத் தடவிச் சீர்செய்யும் மரபு பழமையானது. ஆயினும் விழுந்து அடிபட்ட தோளுக்கு முதலில் எக்ஸ்-ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லையென்று தெளிதல் அவசியம். ஊசி போடுமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் தோளில் பழுது யாது? இம்மருந்து எதைச் சரிசெய்யும்? இதன்பின் எத்தனை நாள் பாரமான வேலையைத் தவிர்க்க வேண்டும்?

நோவு தணிந்ததும், மருத்துவர் சொற்படி, குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டலாம். சுவரில் விரல்களை நகர்த்திப் படிப்படியாகக் கையை உயர்த்தலாம். வாரங்கள் செல்லும்; சிலருக்கு மாதங்களும் ஆகும். அதுவரை குடும்பத்தார் பொறுத்து உதவினால், தோளுக்குரியவர் நோவை மறைத்துக்கொண்டு மரமேற நேராது. மருந்து நோவைத் தணிக்கும். தோளைத் தேற்றுவது ஓய்வும், பயிற்சியும், காலமுமே.