ஏழைப் பையன் ரொட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமையல் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு எங்களைப் பணித்த செயலாளர், அவியலையோ அடைப்பிரதமனையோ எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எங்களினும் நன்கு அறிந்தோர் முதல் வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே அவர்களில் எவரும் எழுந்து திருத்தம் சொல்ல இயலாத பண்டம் ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். அதன் பெயர் போபாய்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலைச் சேருமுன் அதன் கரையில் அமைந்துள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே நீண்ட ரொட்டியை நெடுகப் பிளந்து, பொரித்த இறாலோ சிப்பியோ இறைச்சியோ உள்ளே வைத்து, லெட்டூஸ் இலையும் தக்காளியும் ஊறவைத்த வெள்ளரித் துண்டும் சேர்த்துத் தருவர். ‘புவர் பாய்’ என்னும் சொற்கள் அவ்வூரார் நாவில் தேய்ந்து போபாய் ஆயின. ஏழைப் பையன் என்பது பொருள். சைவ உணவினர் முகம் சுளிக்க வேண்டா. அவர்களுக்கும் இதில் இடம் உண்டு. அதைப் பிறகு கூறுவோம்.

1929-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் அந்நகரத்து டிராம் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கம்பெனியார் வெளியாட்களைக் கொணர்ந்து வண்டி ஓட்ட முயன்றனர். சில நாட்களில் தெருவிலேயே டிராம் வண்டி எரிந்தது. அவ்வூரில் பென்னி மார்ட்டின், கிளோவிஸ் மார்ட்டின் என்னும் உடன்பிறந்தார் இருவர் உணவுக்கடை நடத்தி வந்தனர். இருவரும் முன்னாளில் டிராம் கண்டக்டர்களாக இருந்தவர்கள். வேலைநிறுத்தத்தில் உள்ள சங்க உறுப்பினர் எவர் வந்தாலும் தங்கள் கடையில் உணவு இலவசம் என்று அவர்கள் கடிதமே எழுதிக் கொடுத்தனர். பசித்த தொழிலாளி ஒருவர் தெருவில் வரக் கண்டால், ‘அதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்’ என்று கடைக்குள் கூறிக்கொள்வராம். பெயர் வந்த வழி இதுவென்பர். சிப்பி வைத்த ரொட்டி அதற்கு முன்னரும் அவ்வூரில் உண்டு. புதியனவாக வந்தவை பெயரும் ரொட்டியின் வடிவமும்.

அந்த வடிவந்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பிரெஞ்சு ரொட்டியின் இரு முனைகளும் கூம்பியிருக்கும். கூம்பிய முனையில் உணவு வைக்க இயலாது. வெட்டி எறிதல் வேண்டும். நூற்றுக்கணக்கானோர்க்கு இலவசமாகப் படைப்பவர் எத்தனை முனைகளை எறிவர்? ஜான் ஜென்டூசா என்னும் ரொட்டிக்காரர், சிசிலித் தீவிலிருந்து அவ்வூரில் குடியேறியவர், முனை முதல் முனை வரை ஒரே அகலமாக 40 அங்குல நீள ரொட்டி சுட்டுக் கொடுத்தார். பாதியாக வெட்டினால் 20 அங்குலம். எறிய ஒன்றும் இல்லை.

இஃதெல்லாம் 2005-ஆம் ஆண்டு வரை எங்களுக்குத் தெரியாது. அவ்வாண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் கத்ரீனாப் புயல் அடித்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. அங்கே வாழ்ந்த எங்கள் மகளும் மருமகனும் ஒன்பது வயதுப் பேரனும் முதல் நாளே காரில் வெளியேறிவிட்டமையால் உயிர் தப்பினர். வீடு தப்பவில்லை. மருமகன் வேலையின் பொருட்டு அங்கேயே தங்க, மகளும் பேரனும் திருவனந்தபுரத்திற்கு எங்களிடம் வந்து சேர்ந்தனர்.

பையன் அழவில்லை, பேசவும் இல்லை. தட்டில் இட்டதை உண்பான். இன்னும் வேண்டுமா என்றால் தலையை அசைப்பான். பத்து நாட்கள் சென்றபின், “பாட்டி, இங்கே போபாய் கிடைக்குமா?” என்று கேட்டான். வந்தபின் அவன் தானாக வாய்திறந்து கேட்டது அஃது ஒன்றே.

எங்கள் இல்லத்தில் ஒருவர் சமைப்பவர். மற்றவர் பை தூக்குபவர். பை தூக்குபவர் அன்று மாலையே கடைக்குச் சென்று பால் ரொட்டி வாங்கி வந்தார். உருளைக்கிழங்கை வறுத்து உள்ளே வைத்தோம். ரொட்டி இனித்தது. குழம்பு பட்டவுடன் ஊறிக் கையில் பிய்ந்தது. பையன் முழுவதையும் உண்டுவிட்டு, “பரவாயில்லை, பாட்டி” என்றான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டபின் எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

இந்த அவையில் உள்ள முதியோர்க்கு இது புதிய அனுபவம் அன்று. எங்கள் தாயார் மணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து கரமனைக்கு வந்த புதிதில், இங்குள்ள சிவந்த புழுங்கலரிசியைக் கொண்டு இட்லி வார்த்தார். இட்லி கல்லாயிற்று. உளுந்தைக் குறை கூறினார்; ஆட்டுக்கல்லைக் குறை கூறினார்; கிணற்று நீரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு செங்கோட்டை ரயிலில் வந்த உறவினர் ஒருவர் இரண்டு படி இட்லி அரிசி கொணர்ந்தார். அன்று இட்லித் தட்டின் முன்னே நின்று தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சிறு பிள்ளைகளாக இருந்தபோது கண்டோம். புகை என்று எண்ணினோம். கறியையும் குழம்பையும் எவ்வூரிலும் ஆக்கிவிடலாம். அதன் அடியில் கிடக்கும் சோறும் ரொட்டியுந்தான் ஊர்விட்டு ஊர் வர மறுக்கின்றன.

சரியான ரொட்டி எது? பிரான்சு தேசத்து ரொட்டியின் மேலோடு தடிப்பானது. பல்லால் இழுத்துக் கடித்தல் வேண்டும். அதில் உணவை வைத்துக் கடித்தால், வைத்தது மறுபுறம் வழிந்துவிடும். நியூ ஆர்லியன்ஸ் ரொட்டியின் மேலோடு அப்பளம்போல் மெல்லியது, கடித்தவுடன் நொறுங்கும். உள்ளே பஞ்சு. ஓடு குழம்பைத் தாங்கும்; பஞ்சு அதனைக் குடிக்கும். அவ்வூரும் நம் ஊரைப்போல் கோடையில் புழுங்கும் ஊரே என்பதால், இங்கேயும் அது கைகூடும் என்று மகள் தைரியம் கூறினாள்.

கேரளத்தில் ரொட்டிக்கும் கேக்குக்கும் குறைவில்லை. 1880-ஆம் ஆண்டிலேயே தலச்சேரியில் மம்பள்ளி பாபு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். அக்குடும்பத்தாரின் கடைகள் பின்னர்ப் பல நகரங்களுக்கும் பரவின. ஆனால் இங்கு விற்கும் ரொட்டி பெரும்பாலும் தேநீருக்குத் துணையாக வளர்ந்தது. ஆதலின் மென்மையும் இனிப்பும் அதன் குணங்கள். நம் இல்லங்களிலோ அது காய்ச்சல் உணவு! யாரேனும் ரொட்டியும் கையுமாக வந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்ட காலம் உண்டு. புதுச்சேரியில் நீண்ட ரொட்டி உண்டென்று ஒரு நண்பர் இரண்டு கொணர்ந்தார். இரவெல்லாம் ரயிலில் வந்த ரொட்டி தோல்போல் ஆகிவிட்டது. காற்றின் ஈரமும் ரொட்டியின் உள்ளீரமும் ஓட்டில் ஏறிவிடும். அதற்கு யார் என் செய்வர்?

எனவே நாங்களே சுட முனைந்தோம். முதல் இரு முறை மாவு அளவுக்கு மீறிப் பொங்கிப் புளித்தது. புத்தகத்தில் இருந்த நேரம் குளிர் நாட்டு நேரம் என்பது பிறகே விளங்கிற்று. இங்கே குளிர்ந்த நீரில் பிசைதல் நலம். சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம்: மைதா 500 கிராம், நீர் 320 மில்லி, உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, இரட்டிப்பாகும் வரை மூடி வைக்க வேண்டும். நம் வெயிலில் ஒரு மணிக்குச் சற்று மேல் ஆகும். மூன்றாகப் பகுத்து, ஒரு முழத்துக்குக் குறைவான நீளத்தில், முனை கூம்பாமல் உருட்டி, மீண்டும் முக்கால் மணி வைத்து, மேலே கத்தியால் கீறி, 220 பாகை வெப்பத்தில் இருபது நிமிடம் சுட வேண்டும். சுடும்பொழுது அடித்தட்டில் கொதிநீர் ஊற்றுதல் இன்றியமையாதது. நீராவி பட்டால் மேற்பரப்பு உடனே இறுகாமல் ரொட்டி நன்கு உப்பும், ஓடும் மெலிதாகும்.

எங்கள் சிறிய அடுப்பில் அந்த ஆவி நிற்கவில்லை. ஆகவே பிசைந்த மாவைத் தூக்கிக்கொண்டு, பின்தெருவில் விறகு போர்மா வைத்திருந்த ரொட்டிக்காரரிடம் சென்றோம். அவர் மலையாளி. நாங்கள் கூறிய கதையைக் கேட்டு, மாவை விரலால் அழுத்திப் பார்த்து, “நோக்காம்” என்றார். அன்றைய பன்னெல்லாம் வெந்து முடிந்தபின், ஈரத் துணி கட்டிய கழியால் போர்மாவின் உள்தளத்தைத் துடைத்தார். ஆவி குப்பென்று எழுந்தது. மூன்று ரொட்டிகளையும் உள்ளே தள்ளிக் கதவை மூடினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

உள்ளீடு மார்ட்டின் சகோதரர்கள் கடையிலும் வழங்கியதே: வறுத்த உருளைக்கிழங்கும் குழம்பும். அவர்கள் ஊற்றியது இறைச்சிக் குழம்பு. நாங்கள் மைதாவை எண்ணெயில் வெல்ல நிறம் வரும்வரை வறுத்து, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, மிளகு சேர்த்து, நீர் விட்டுக் கெட்டியாகக் கொதிக்க வைத்தோம். ரொட்டியை மீண்டும் ஐந்து நிமிடம் சூடாக்கிப் பிளந்து, கிழங்கை நிரப்பிக் குழம்பை ஊற்றி, தக்காளியும் பொடியாக அரிந்த முட்டைக்கோசும் வைத்தோம்.

பையன் கடித்தான். ஓடு நொறுங்கி அவன் சட்டையிலும் தரையிலும் சிதறிற்று. கூட்டிவைத்த தரை ஆயிற்றே என்று எங்களில் ஒருவர் எழுந்தோம். பையன் கீழே குனிந்து அத்துகள்களைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் ஊரில் கடைத் தரை முழுதும் இப்படித்தான் இருக்கும் என்றான். பிறகு அந்தக் கடை எந்தத் தெருமுனையில் இருந்தது, அங்கே பரிமாறுபவர் தன்னை எப்படி அழைப்பார், தன் சைக்கிளை எங்கே சாய்த்து வைப்பான் என்றெல்லாம் கூறத் தொடங்கினான். சைக்கிள் இப்பொழுது எங்கே என்று கேட்டுவிட்டு, தன் தாயின் மடியில் முகம் புதைத்து அழுதான். மகளும் அழுதாள். பதினொரு மணிக்கு மேல் உறங்கினர். காலையில் எழுந்தவன் மீதி ரொட்டி இருக்கிறதா என்று கேட்டான்.

இன்று அவன் வளர்ந்துவிட்டான். மீண்டும் அந்நகரத்திலேயே வேலையில் இருக்கின்றான். ரொட்டிக்காரர் எங்களைக் கண்டு ஊக்கமுற்று, மறுவாரம் எட்டு நீள ரொட்டிகள் சுட்டுக் கடையில் வைத்தார். இரண்டு விற்றன. மற்ற ஆறும் ரஸ்க் ஆயின.

இன்று மண்டபத்தின் பின்புறத்தில் பன்னிரண்டு ரொட்டிகள் இருக்கின்றன. குழம்பு அடுப்பின்மேல் இருக்கின்றது. குழம்பு ஊற்றினால் அதிக நேரம் தாங்காது. ஆகவே கலை நிகழ்ச்சி தொடங்குமுன் வந்துவிடுங்கள். தரையைப் பற்றிக் கவலை வேண்டா, துடைப்பமும் கொண்டுவந்திருக்கின்றோம்.