அழகுப் பொருளும் அமானிதமும்

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய முஃமின்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

நம் இல்லங்களில் அழகுக்காக வைக்கப்படும் பொருள்களில் பல, ஒரு காலத்தில் உயிரோடு நடமாடிய பிராணிகளிலிருந்து வந்தவை. கொம்பினால் செய்த கைப்பிடி, எலும்பு பதித்த பேழை, தோல் விரிப்பு, உரோமச் சால்வை, பாடம் செய்து சுவரில் மாட்டிய மான் தலை என அவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றைக் குறித்து, "இது சுத்தமா, நஜீஸா?" என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், "இது எவ்வாறு எடுக்கப்பட்டது?" என்ற கேள்வியும் மார்க்கத்தில் உண்டு. அதை நாம் கேட்பதில்லை.

பிராணிகளின் தோலையும் உரோமத்தையும் பயன்படுத்துவது அடிப்படையில் ஆகுமானதே. ஸூரத்துந் நஹ்லின் 80ஆவது வசனத்தில், கால்நடைகளின் தோல்களால் அமையும் கூடாரங்களையும், கம்பளி, உரோமம், முடி ஆகியவற்றால் ஆகும் வீட்டுப் பொருள்களையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாக எடுத்துரைக்கிறான். அவை ஒரு குறிப்பிட்ட காலம் வரையிலான சுகம் என்றும் அவ்வசனம் நினைவூட்டுகிறது. நமக்குக் கிடைத்திருப்பது நிரந்தர உரிமையன்று. கணக்குக் கேட்கப்படும் அமானிதம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஓர் ஆடு செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதை உண்பதே தடுக்கப்பட்டுள்ளது என விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. இறந்துபோன பிராணியின் தோலைக்கூட வீணாக்காதீர்கள் என்பது இதில் உள்ள பாடம்.

அதே நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் உயிரோடுள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் வெட்டி எடுப்பதைக் கண்டார்கள். உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்படுவது செத்ததன் சட்டத்தையே பெறும் என்று கூறி அவ்வழக்கத்தைத் தடுத்தார்கள். இது திர்மிதி, அபூதாவூத் நூல்களில் பதிவாகியுள்ளது. ஆனால் உண்ண ஆகுமான பிராணி உயிரோடிருக்கும்போது கத்தரித்தெடுக்கும் கம்பளி சுத்தமானது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடில்லை. கொன்று தின்னும் வன விலங்குகளின் தோல்களை விரிப்பாக்குவதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். அது பெருமையடிப்போரின் வழக்கம் என்பதை அறிஞர்கள் பலர் அதற்குரிய காரணங்களில் ஒன்றாகக் கூறுவர். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற செய்தி நஸாயீயில் இடம்பெற்றுள்ளது.

சகோதரர்களே! இதற்குக் கண்முன் உள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஸ்ரீநகரின் நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவந்த ஷாத்தூஷ் சால்வை உலகப் புகழ் பெற்றது. ஒரு மோதிரத்தின் உள்ளே நுழைத்து இழுத்துவிடக்கூடிய மென்மை அதற்கு உண்டு. திபெத்தியப் பீடபூமியில் வாழும் சிரு என்னும் மானினத்தின் அடி உரோமமே அதன் மூலப்பொருள். அவ்விலங்கு புதர்களில் உதிர்த்துச் செல்லும் உரோமத்தைப் பொறுக்கி எடுப்பதாக வணிகர்கள் சொல்லிவந்தனர், வாங்கியோரும் நம்பினர். உண்மை வேறாக இருந்தது. சிரு வளர்ப்புப் பிராணியன்று. அதைச் சுட்டுக் கொன்று, தோலை உரித்த பிறகே உரோமத்தை எடுத்தார்கள். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து உயிர்கள் வரை தேவைப்பட்டன.

இதன் பன்னாட்டு வணிகம் 1979 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஜம்மு காஷ்மீரிலும் 2002இல் சட்டத்தின் மூலம் இது தடுக்கப்பட்டது. கடுமையான பாதுகாப்பினால் அவ்வினம் ஓரளவு மீண்டுள்ளது. ஆயினும் கள்ளச் சந்தை முற்றிலும் ஒழியவில்லை. முறைப்படி அறுக்கப்படாமல் சுடப்பட்டுச் செத்த பிராணியின் உரோமம் ஷாஃபிஈ மத்ஹபின்படி நஜீஸாகும். அச்சால்வையைப் போர்த்தித் தொழுவது கூடாது. ஹனஃபீ மத்ஹபில் உரோமம் சுத்தமானதே. ஆனால் உரோமம் சுத்தம் என்பதனால், ஆடம்பரத்திற்காக ஓர் இனத்தையே அழிவை நோக்கித் தள்ளிய பாவம் சுத்தமாகிவிடுமா?

அதே காஷ்மீரில்தான் பஷ்மினாவும் நெய்யப்படுகிறது. லடாக்கின் சாங்தாங் பகுதியில் மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளின் உடலிலிருந்து, உரோமம் உதிரும் பருவத்தில் அதைச் சீவி எடுக்கிறார்கள். ஆடு உயிரோடிருக்கிறது, மேய்ப்பரும் நூற்கும் பெண்ணும் நெசவாளரும் பிழைக்கிறார்கள். மனிதனின் கைத்திறன் வளர உயிர்வதை தேவையில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஷாத்தூஷ் தடையினால் ஏழை நெசவாளர்களின் குடும்பங்கள் அல்லலுற்றதையும் நாம் மறக்கலாகாது. நூற்றவளுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. இலட்சக் கணக்கில் விலை கொடுத்தவர்களின் ஆசையே அந்த வேட்டையை நடத்தியது. ஆகவே பொறுப்பின் பெரும் பகுதி வாங்குபவர் மீதே விழுகிறது. ஹலாலான கைத்தொழிலை நியாயமான விலை கொடுத்து ஆதரிப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

எனவே பெற்றோர்களே! திருமண அன்பளிப்புக்காகவோ வீட்டு அலங்காரத்திற்காகவோ தோல், உரோமம், கொம்பு ஆகியவற்றாலான பொருளை வாங்கும் முன், அது எந்தப் பிராணியினுடையது, எப்படி எடுக்கப்பட்டது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சந்தேகமானதை விடுவது பேணுதல். உங்கள் பிள்ளைகள் அருகில் நின்று கேட்கட்டும். குர்பானித் தோலை வீணாக்காமல் உரிய இடத்தில் சேர்க்கும் நம் சமுதாயத்திற்கு, அலமாரியில் இருக்கும் பொருளுக்கும் கணக்கு உண்டு என்பது புரியாத செய்தியன்று.

வாயில்லா ஜீவன்களிடத்தில் இரக்கம் காட்டி, அவன் தந்த அருட்கொடைகளை அவன் பொருந்திக்கொள்ளும் விதத்தில் பயன்படுத்தும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.